எங்க ஊர் சமுதாயக்கூடம்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

இது கல்யாண மண்டபம்தானே, வேற என்ன நடக்கு இங்கன?

கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாம் நடக்கத்தான் செய்யுது, அதை யாரும் நிறுத்தல. ஆனா முகூர்த்தம் இல்லாத நாள்ல அவ்வளவு பெரிய கட்டடம் சும்மா பூட்டிக் கெடக்கேன்னு ஊர்ல கொஞ்ச பேரு சேர்ந்து பேசி, இப்ப தினமும் சாயங்காலம் தொறந்து வைக்கோம். பேப்பர் படிக்க பெரியவங்க வாராவ, டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைக ஃபேன் காத்துக்கும் லைட்டுக்கும் வாராவ. புதன்கிழமை மட்டும் ஆறரை மணிக்கு ஊர்க்கூட்டம் மாதிரி உக்காருவோம். நாலு நாளா குழாயில தண்ணி வரல, போஸ்ட் லைட் எரியல, ரேஷன் கார்டுல மருமக பேரு ஏறல, மடை ஷட்டர் துருப்பிடிச்சு சுத்த முடியல, இப்படி யாருக்கு என்னவோ அதைச் சொல்லலாம். நாங்க இருக்கது திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவிக்குப் பக்கத்துல, கன்னடியன் கால்வாய் பாயுற ஊரு, அதனால பாதி பேச்சு தண்ணியப் பத்தித்தான் இருக்கும்.

அதுல என்ன பெருசா ஆகப்போவுது, டீக்கடையிலயும் இதானே பேசுதோம்?

டீக்கடையில பேசுனது அங்கனயே முடிஞ்சுரும் அண்ணாச்சி. இங்க ஒரு நீள நோட்டு இருக்கு. பிரச்சனை என்ன, சொன்னது யாரு, எந்த ஆபீசுக்கு மனு போச்சு, எந்தத் தேதியில போச்சு, என்ன பதில் வந்துச்சு, அடுத்து யாரு போகணும், எல்லாம் அதுல எழுதிருவோம். அடுத்த புதன்கிழமை முதல் வேலையே போன வாரம் எழுதுனதை சத்தமா வாசிக்கதுதான். போறேன்னு ஒத்துக்கிட்ட ஆளு போகலன்னா எல்லார் முன்னாலயும் தெரிஞ்சு போகும், அதுக்காகவே போயிருவாவ. ஆபீஸ்ல ஆளு மாறிக்கிட்டே இருப்பாவ, இன்னைக்கு இருக்க பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அடுத்த வருசம் வேற ஊருல இருப்பாரு, புதுசா வர்றவருக்கு நம்ம ஊர் கதை ஒண்ணும் தெரியாது, அப்ப அந்த நோட்டையும் ஃபைலையும் தூக்கிட்டுப் போய் முன்னால வச்சா பேச்சே வேற மாதிரி இருக்கும். எங்களைக் கேட்டா இந்தக் கூடத்துல உள்ளதுலயே விலை மதிப்பான பொருள் அந்த பீரோவுல இருக்க ஃபைலுகதான்.

எந்த சாதிக்கு சொந்தமான கூடம் இது? நாங்க வரலாமா?

எல்லாரும் வரலாம், வரணும். நம்ம திருநெல்வேலிச் சீமையில நிறைய மண்டபம் ஒரு சாதி வரி போட்டுக் கட்டுனதா இருக்கும், அதனால இந்தக் கேள்வி வருது, கேக்கதுல தப்பே இல்ல. இது ஊராட்சி இடத்துல அரசாங்கப் பணத்துல கட்டுனது, எல்லார் வரிப்பணமும் இதுல இருக்கு. உள்ள சாதித் தலைவர் படம், கொடி, கலர் பேனர், குருபூஜை போஸ்டர் எதுவும் கூடாது. ஒரே ஜமக்காளம், ஒரே டம்ளர், முன்னால வந்தவங்க முன்னால உக்காரணும். காலனித் தெருக்காரங்க ஆரம்பத்துல வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தாவ, உள்ள வாங்கன்னு சொன்னதோட நிக்காம கூட்டத்தையே ரெண்டு வாரம் அவங்க தெரு வேப்பமரத்தடியில வச்சோம், பொறவுதான் கூடத்துக்கு வந்தாவ. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில கூடப் படிக்கிற பையன்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டுனாங்க, தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு, அதுக்கப்பொறம் அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டு 2024ல அறிக்கையும் வந்துச்சு. பள்ளிக்கூடத்துக்குள்ள அவ்வளவு வெறுப்பு வருதுன்னா அது தெருவுல இருந்து, வீட்டுல இருந்துதான் போயிருக்கும். தெருவுக்குத் தெரு பேச்சே இல்லாத ஊருல எந்தக் குளத்தையும் காப்பாத்த முடியாது, எந்தப் பிள்ளையையும் காப்பாத்த முடியாது.

கிராம சபைக்கும் உங்க புதன்கிழமை கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

ரொம்ப பெரிய வித்தியாசம். சட்டப்படி தீர்மானம் போடுற அதிகாரம் கிராம சபைக்குத்தான், 1994ம் வருசத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துல அதைத் தெளிவா சொல்லிருக்கு. நாங்க பேசுறதுக்கு அந்த அதிகாரம் கெடையாது. ஆனா கிராம சபைக்குப் போறதுக்கு முன்னால தயாராகுற இடம் இது.

கிராம சபை முன்னால வருசத்துக்கு 4 நாள்தான், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022ல இருந்து மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து இப்ப 6. நடக்கதே சில ஊர்ல அரைமணி நேரம், தீர்மான நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு டீ வடை கொடுத்து அனுப்பிருவாவ. கையெழுத்து போடுறதுக்கு முன்னால மேல என்ன எழுதிருக்குன்னு வாசிக்கச் சொல்லுங்க, வெறும் பக்கத்துல கையெழுத்து போடவே போடாதீங்க. ஆள் எண்ணிக்கையும் கணக்கு இருக்கு: 500 பேரு வரைக்கும் உள்ள ஊராட்சின்னா 50 பேரு, 3000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. அவ்வளவு பேரு இல்லாம நடத்துன கூட்டம் செல்லாது.

நாங்க என்ன பண்ணுதோம்னா, பத்து நாளைக்கு முன்னாலயே தெருவுக்கு ஒருத்தர் போய் அந்தத் தெருவுல உள்ளதைக் கேட்டு எழுதிட்டு வந்துருவாவ. கூடத்துல உக்காந்து அதுல எது ஊராட்சி செய்ய முடியும், எது ஒன்றியம், எது மின்வாரியம்னு பிரிப்போம். அப்புறம் தீர்மான வாசகத்தையே எழுதிக் கொண்டு போயிருவோம், "வடக்குத் தெருவில் உள்ள அடிபம்பை சரி செய்ய இக்கிராம சபை தீர்மானிக்கிறது" அப்படின்னு. "அடிபம்பு பத்தி பேசினார்கள்"னு எழுதுனா அது தீர்மானம் இல்ல, அது வெறும் செய்தி. கூட்டம் முடிஞ்ச பொறவு தீர்மான நகல் கேட்டு வாங்கி ஃபைல்ல வச்சிருவோம்.

நாங்க டவுன்ல இருக்கோம், கிராம சபை இல்லியே?

உங்களுக்கு வார்டு கமிட்டியும் ஏரியா சபையும் இருக்கு, 2022ல தமிழ்நாட்டுல அதுக்கு விதி வந்துட்டு. திருநெல்வேலி மாநகராட்சியில 55 வார்டு, தச்சநல்லூர், நெல்லை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம்னு 4 மண்டலம். உங்க ஏரியா சபை எப்ப கூடுதுன்னு கவுன்சிலர்கிட்ட கேளுங்க, கூடலன்னா ஏன் கூடலன்னு மண்டல ஆபீஸ்ல எழுத்துல கேளுங்க.

மனு எழுதத் தெரியாது, எழுதிக் கொடுப்பீங்களா?

எழுதித் தருவோம், பக்கத்துல உக்கார வச்சு சொல்லியும் தருவோம். ஒரு மனுவுல ஒரே விஷயம்தான் இருக்கணும். ரோடு, லைட்டு, சாக்கடை, முதியோர் பென்ஷன் எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல எழுதுனா அது எந்த டிபார்ட்மெண்ட்டுக்குப் போகும்னு அவங்களுக்கே தெரியாது, அங்கனயே சுத்திக்கிட்டு கெடக்கும். இடம் சம்பந்தப்பட்டதுன்னா சர்வே நம்பர் கண்டிப்பா வேணும். குளத்தை ஆக்கிரமிச்சுட்டாங்கன்னு சொன்னா நம்ப மாட்டாவ, இடம் யாருது, என்ன வகைன்னு சொல்லுத அ பதிவேடு நகலும், அளவு காட்டுத புலப்படமும் சேர்த்து வச்சா யாரும் இல்லன்னு சொல்ல முடியாது, ரெண்டையும் நெட்லயே எடுக்கலாம், கூடத்துல ஒரு பொண்ணு எடுத்துத் தரும். போட்டோவுல தேதி தெரியணும். ரெண்டு காப்பி எடுத்துக்கிட்டுப் போய் ஒண்ணுல சீல் வச்சு கையெழுத்து வாங்கிட்டு வரணும், இல்ல ரசீது வாங்கணும், வாங்காம வாசலைத் தாண்டக் கூடாது.

திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும், போக முடியாதவங்க 1100க்கு போன் பண்ணி முதலமைச்சர் உதவி மையத்துல பதியலாம். கரண்ட் விஷயம்னா மின்னகம் 94987 94987, ரேஷன் கடை புகார்னா 1967. சின்ன விஷயத்துக்கு எடுத்த எடுப்புலயே கலெக்டர்கிட்ட போகாதீங்க, அங்க இருந்து சுத்தி அதே விஏஓகிட்ட, அதே ஊராட்சி செயலர்கிட்டதான் வந்து நிக்கும், முதல்ல அவங்ககிட்ட கொடுத்துட்டு அந்த ரசீதோட மேல போங்க.

கூட்டமா போய் மனு கொடுத்தா போலீஸ் பிரச்சனை வருமா? வீட்டுல பயப்படுதாவ.

பயம் நியாயம்தான், நம்ம ஊருக்கு அந்த ஞாபகம் இருக்கு. 1999 ஜூலை 23ந்தேதி மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலமா கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனவங்களை போலீஸ் அடிச்சு விரட்டுனதுல தாமிரபரணியில விழுந்து சின்னப்பிள்ளை ஒண்ணு உட்பட 17 பேரு செத்துப் போனாவ. இன்னைக்கும் ஒவ்வொரு வருசமும் அந்த நாள்ல ஆத்துல பூப்போடுதாவ. அதை மறக்கச் சொல்லல. ஆனா மனு கொடுக்கது நம்ம உரிமை, அதை யாரும் குத்தம்னு சொல்ல முடியாது. ஊர்வலம், ஆர்ப்பாட்டம்னா முன்கூட்டியே ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும். சும்மா மனு கொடுக்கன்னா அஞ்சாறு பேரு போங்க, அதுல ரெண்டு பொம்பளைங்க இருக்கட்டும், ஒருத்தர் மட்டும் பேசட்டும், மத்தவங்க பேசுனதை எழுதிக்கிடட்டும். கூடத்துல இருந்து போறவங்க பேரு, போன நேரம் நோட்டுல இருக்கும், திரும்பி வந்து சொல்லுத வரைக்கும் இங்க ஒருத்தர் காத்திருப்பாவ.

ஆர்டிஐ போடணும்னு சொல்லுதாவளே, அது என்ன?

2005ல வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைப் பேப்பர்ல தமிழ்ல எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பணும், 30 நாளைக்குள்ள பதில் வரணும். வரலன்னா, இல்ல மழுப்புனா, அடுத்த 30 நாளைக்குள்ள அதே ஆபீஸ்ல மேல உள்ள அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதுவும் சரியில்லன்னா 90 நாளைக்குள்ள சென்னையில இருக்க மாநில தகவல் ஆணையத்துக்கு. வறுமைக்கோட்டுக்குக் கீழ உள்ளவங்க சான்று வச்சா ஃபீஸ் கெடையாது.

ஏன் ரோடு போடலன்னு கேட்டா பதில் வராது, ஏன் எதுக்குன்னு கேக்கதுக்கு இல்ல இந்தச் சட்டம். இன்ன தெரு சிமெண்ட் ரோட்டுக்குப் போட்ட எஸ்டிமேட் நகல் வேணும், எம் புக் நகல் வேணும், பில் பாஸ் பண்ணுன தேதி வேணும்னு கேளுங்க. எம் புக்ங்கிறது வேலையை அளந்து எழுதுற புஸ்தகம். அதுல எவ்வளவு நீளம், எவ்வளவு கனம்னு இருக்கும், நீங்க டேப்பை எடுத்துக்கிட்டு தெருவுல போய் அளந்து பாத்துக்கிடலாம். ஆபீசுக்கே நேர்ல போய் ஃபைலைப் பாக்கவும் இந்தச் சட்டத்துல இடம் இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாது.

குளம், கால்வாய் வேலையை நாமளே இறங்கி செய்யலாமா?

இதைப் பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கிடுங்க.

முதல்ல அந்தக் குளம் யாரு பொறுப்புன்னு தெரியணும். ஆயக்கட்டு, அதாவது அந்தக் குளத்துத் தண்ணி பாயுற வயல், 100 ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம். தாமிரபரணியில 8 அணைக்கட்டு இருக்கு, கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொண்ணுல இருந்தும் கால்வாய் பிரிஞ்சு போய் குளத்தை நிரப்பி, அந்தக் குளம் நிரம்பி மறுகால் வழியா வழிஞ்சு அடுத்த குளத்துக்குப் போகும். அதனால நம்ம குளத்துல மட்டும் அமலைச்செடியை (ஆகாயத்தாமரை) எடுத்துட்டு மேல உள்ள ஊர்க்காரங்களோட பேசாம இருந்தா அடுத்த வருசமே அங்க இருந்து அவ்வளவும் வந்துரும். போன தடவை மேல்குளத்து ஊர்க்காரங்களை நம்ம கூடத்துக்குக் கூப்பிட்டு சாப்பாடு போட்டுப் பேசுனோம், ரெண்டு ஊரும் ஒரே ஞாயித்துக்கிழமையில இறங்குச்சு. தேருக்கு வடம் பிடிக்கிற மாதிரிதான், எல்லாக் கையும் ஒரே நேரத்துல இழுத்தாத்தான் நகரும்.

செடி எடுக்கது, குப்பை அள்ளுறது, கரையில பனங்கொட்டை ஊனுறது இதுக்கெல்லாம் தகவல் எழுதிக் கொடுத்துட்டுச் செய்யலாம். கரையை வெட்டுறது, மடையை மாத்துறது, மறுகால் உயரத்தைக் கூட்டுறது குறைக்கது இதுல கை வைக்கவே கூடாது, அரையடி மாறுனாலும் கீழ உள்ள ஊருக்குத் தண்ணி போகாது, இல்ல கரை உடைஞ்சு எல்லார் வீட்டுக்குள்ளயும் வரும். வண்டல் மண் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் தாசில்தார் அனுமதியோட எடுத்துக்கிடலாம். அதை செங்கல் சூளைக்கு விக்கிற ஆட்கள் இருக்காவ, அதனால எத்தனை டிராக்டர் போச்சுன்னு கரையில ஒரு ஆளை உக்கார வச்சு எழுதணும். ஆக்கிரமிப்பு எடுக்கணும்னா 2007ல வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அதிகாரிதான் எடுக்கணும், நாம கடப்பாரையோட போனா அது தெருச்சண்டை ஆயிரும்.

ஊரு சேர்ந்தா என்ன முடியும்னு பாக்கணும்னா ஒரு தடவை மூலைக்கரைப்பட்டி வழியா கூந்தன்குளம் போயிட்டு வாங்க. பறவைக வந்து வீட்டு மரத்துல கூடு கட்டும், ஊர்க்காரங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடி போடுறது இல்ல. 1994ல சரணாலயம்னு அரசாங்கம் அறிவிச்சுது, அதுக்கு ரொம்ப காலத்துக்கு முன்னால இருந்தே ஊர்தான் பாத்துக்கிட்டு வந்துச்சு. மணிமுத்தாறுல உள்ள ஏட்ரீங்கிற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அமைப்போட அகத்தியமலை மையத்துக்காரங்க பொங்கலை ஒட்டி நம்ம குளங்கள்ல நீர்ப்பறவை கணக்கெடுப்பு நடத்துதாவ, நம்ம பிள்ளைகளை அதுக்கு அனுப்புங்க, குளத்துல பறவை இருக்குன்னு ஒரு தடவை எண்ணிப் பாத்த பிள்ளை அதுல குப்பை கொட்ட விடாது.

2023 வெள்ளத்துல கூடம் என்ன செஞ்சுது?

டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட பேஞ்சுது, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னு நூத்துக்கணக்கான சனங்க ரெண்டு நாளா மாட்டிக்கிட்டாவ. எங்க ஊர்ல தாழ்வான தெருவுல உள்ளவங்க எல்லாம் கூடத்துக்குத்தான் வந்தாவ. கல்யாணத்துக்குன்னு வாங்கி வச்ச அண்டாவும் கரண்டியும் அன்னைக்கு உதவுச்சு, உப்புமாவும் கஞ்சியும்தான், ஆனா யாரும் பட்டினி இல்ல. கரண்ட் போய் டவரும் செத்துட்டு, டிராக்டர் பேட்டரியில போனுக்கு சார்ஜ் போட்டோம்.

அதுக்கப்பொறம் ஒரு லிஸ்ட் சுவத்துல தொங்குது. தனியா இருக்க ஆச்சி தாத்தா யாரு, மாசமா இருக்க பொண்ணுங்க யாரு, இன்சுலின் போடுறவங்க யாரு, நடக்க முடியாதவங்க யாரு, எந்த வீட்டுக்கு யாரு போகணும்னு. ஐப்பசி பிறக்க முன்னால அதைப் புதுசாக்கிருவோம். கயிறு, டார்ச், டியூப், குளோரின் மாத்திரை ஒரு பெட்டியில இருக்கு. மாவட்டப் பேரிடர் நம்பர் 1077 வாசல்லயே பெயிண்ட்ல எழுதிருக்கு.

பொம்பளைங்க வருவாவளா?

நேரத்தைப் பொறுத்தது. நம்ம பக்கம் முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம்னு எங்க பாத்தாலும் வீட்டுக்கு ஒரு பீடித்தட்டு இருக்கும், எங்க ஊரும் அப்படித்தான். சுத்துன பீடியை சாயங்காலம் கடையில கொடுத்துட்டு இலையும் தூளும் வாங்கிட்டு வரணும், அதுக்கு முன்னால கூட்டம் வச்சா யாரு வருவா? முதல்ல அஞ்சு மணிக்கு வச்சிருந்த கூட்டத்தை ஒரு மதினி சொல்லித்தான் ஆறரைக்கு மாத்துனோம், இப்ப தட்டோடயே வந்து உக்காந்து சுத்திக்கிட்டே பேசுதாவ. பி.எஃப். பணம், பீடித் தொழிலாளி அடையாள அட்டை, பிள்ளைகளுக்கு மத்திய அரசு கொடுக்குற கல்வி உதவித்தொகை இதெல்லாம் அவங்க கொண்டு வந்த விஷயங்கதான். பள்ளி மேலாண்மைக் குழுவுலயும் கல்வி உரிமைச் சட்டப்படி முக்காவாசி பெத்தவங்க, பாதிப்பேரு பெண்கள் இருக்கணும். கக்கூசுக்குத் தண்ணி இல்லன்னு பள்ளிக்கூடத்துல போய்க் கேக்க அதிகாரம் உள்ள குழு அது, பேருக்கு கையெழுத்து போட்டுட்டு வராதீங்க.

கட்சிக்காரங்க வரலாமா?

ஊர்க்காரரா வரலாம். துண்டு, கொடி, நோட்டீஸ் வாசலுக்கு வெளிய.

இளவட்டப் பசங்க என்ன செய்யலாம்?

நிறைய. 18 ஆனவங்களுக்கு வாக்காளர் பட்டியல்ல பேரு சேர்க்க ஃபார்ம் 6 போட்டுக் கொடுங்க, 18 ஆச்சான்னு பாக்க இப்ப ஜனவரி 1 மட்டும் இல்ல, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1னு நாலு தேதிக்கும் கணக்கு உண்டு. பேரு தப்பா இருந்தா, வீடு மாறுனா ஃபார்ம் 8. பெரியவங்களுக்கு போன்ல பணம் ஏமாத்துனா உடனே 1930க்கு அடிக்கணும்னு சொல்லிக் கொடுங்க. நோட்டு எழுதுற வேலையை ஒரு வருசம் பாத்த பிள்ளைக்கு எந்த ஆபீசுக்குப் போகவும் கூச்சம் இருக்காது.

பணம் எங்க இருந்து வருது?

விசேஷ வாடகையில ஊராட்சிக்குக் கட்டுனது போக பராமரிப்புக்குன்னு ஒதுக்குறது, அப்புறம் ஊர்க்காரங்க கொடுக்கது. மாசம் முதல் புதன்கிழமை வரவு செலவை கரும்பலகையில எழுதிப் போட்டுருவோம், 20 ரூபாய் சாக்பீஸ் வாங்குனாலும் அதுல இருக்கும். பெரிய வேலைக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கு, மக்கள் ஒரு பங்கு போட்டா மீதியை அரசாங்கம் போடும். பேங்க்ல கணக்கு வேணும்னா 1975ம் வருசத்து சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதியலாம், குறைஞ்சது 7 பேரு வேணும், வருசா வருசம் கணக்கு தாக்கல் பண்ணணும்.

இதெல்லாம் நம்ம ஊருக்குப் புதுசா இருக்கே?

புதுசு இல்ல. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவுல ஆத்தைக் கடக்க வழியில்லாம சனங்க கஷ்டப்பட்டப்ப சுலோச்சனா முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டுன பாலம் 1843ல இருந்து நிக்குது, அதுல ஏறித்தான் இன்னைக்கும் மனு கொடுக்கப் போறோம். 1908ல வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானப்ப மார்ச் 13ந்தேதி திருநெல்வேலியே கடையடைச்சு எழுந்துச்சு, அதுக்கு முன்னால அவங்க பேசுன பேச்சை ஆத்தங்கரையில மணல்ல உக்காந்து கேட்டவங்க நம்ம சனங்கதான்.

எங்க ஊர்லயும் கூடம் இருக்கு, பூட்டிக் கெடக்கு, எப்படித் தொறக்க?

சாவி யாருகிட்ட இருக்குன்னு முதல்ல விசாரிங்க, சண்டைக்குப் போகாதீங்க. ஒரு பத்து பேரு சேர்ந்து, அதுல எல்லாத் தெரு ஆளும் இருக்க மாதிரி பாத்துக்கிட்டு, வாரத்துல ஒரு நாள் ரெண்டு மணி நேரம் தொறக்கணும்னு ஊராட்சித் தலைவருக்கு எழுதிக் கொடுங்க. தொறக்க, கூட்ட, பூட்ட யாரு பொறுப்புன்னும் அந்தக் கடுதாசியிலயே பேரோட எழுதுங்க, கரண்ட் பில்லுக்கு யாரு பணம் கொடுக்கப் போறான்னுதான் முதல் கேள்வி வரும், அதுக்குப் பதிலும் அதுல இருக்கட்டும். ஒத்துக்கிடலன்னா அடுத்த கிராம சபையில அதையே தீர்மானமாக் கொண்டு வாங்க. முதல் கூட்டத்துல பெரிய விஷயம் எதையும் எடுக்காதீங்க, ஒரு மாசத்துக்குள்ள முடியுற மாதிரி ஒரு தெரு லைட்டோ ஒரு குழாயோ எடுங்க, அது முடிஞ்சுதுன்னா அடுத்த கூட்டத்துக்கு ஆளு தானா வரும். நோட்டு வாங்கும்போது 200 பக்கத்துக்குக் குறைஞ்சு வாங்காதீங்க.